அரிசி போட்ட கை

அத்தியாயம் 3

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு வாய் போதவில்லை. மூஞ்சிக்கு முன்னால் பேச ஒன்று, முதுகுக்குப் பின்னால் பேச ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். முந்தியெல்லாம் எதிரி என்றால் எதிரி. வேலியைப் பிடுங்குவான், மாட்டை அவிழ்த்து விடுவான், வாசலில் நின்று தாய் தகப்பனை இழுத்து வைவான். அவனை நம்பலாம். இப்போது வீட்டுக்குள் வந்து மோர் வாங்கிக் குடித்து, பிள்ளைகுட்டி சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போய்க் குழி வெட்டுகிறான். சர்க்கார் சாராயக் கடையைத் திறந்துவிட்டதிலிருந்து இன்னும் மோசம். நேற்றுவரை குடி கூடாது என்று மேடை போட்டுக் கத்தியவன், இன்றைக்குத் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறான். கேட்டால் மழைக்கு ஒதுங்கினேன் என்கிறான். மழையாவது பெய்ய வேண்டாமா?

காரைக்குடியில் குதிரை வண்டி ஏறியதிலிருந்து கருத்தையா இதையேதான் புலம்பிக்கொண்டு வந்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. யாரையும் நம்பாத புத்தி மட்டும் நிற்கவில்லை. அதை மதித்தே களவு, கைமாற்று, காணாமல் போன மாடு என்று இன்னும் அவர் வாசலுக்கு ஆள் வந்துகொண்டிருந்தது.

"ஏட்டையா, நீங்க சந்தேகப்படாத ஒரே ஆளு உங்க நிழலுதான்" என்றார் வண்டியோட்டி வந்த அல்லாபிச்சை. "அதுவும் உச்சி வெயில்ல சுருங்குறப்ப, எங்கடா போறேன்னு ஒரு பார்வை பாக்குறீக."

"ரோட்டைப் பாத்து ஓட்டுய்யா, ராவுத்தரே."

"ரோட்டைக் குதிரை பாத்துக்கிடும். அதுக்கு ஓட்டு இருந்தா என்னைய எறக்கிவிட்டுட்டு அதுவே போயிரும்."

துப்பறிகிற வேலைக்கு அல்லாபிச்சையை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. வண்டி அவருடையது, வாயும் அவருடையது. இரண்டும் கருத்தையாவுக்குத் தேவைப்பட்டன. ஏட்டையா கேட்டால் வாய் மூடிக்கொள்கிற ஆட்கள், அல்லாபிச்சை கேட்டால் சிரித்துக்கொண்டே கொட்டிவிடுவார்கள்.

வண்டி செம்மண் பாதையில் இறங்கியது. ஐப்பசி மழையில் பாதை குழைந்து கிடந்தது. பாதை முடிகிற இடத்தில் ஒரு கண்மாய். அதற்கு அங்குட்டு இருப்பதுதான் பிரண்டைவயல்.

பிரண்டைவயலில் ஒரு பழைய ஊர்க்கட்டு உண்டு. சாராயமும் கஞ்சாவும் ஊர் எல்லைக்குள் வரக்கூடாது. மீறினவன் கட்டு இருக்கிற வரைக்கும் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. முனி கோயிலில் சூடம் அணைத்துச் செய்த சத்தியம். அதை மாற்ற ஊர்த்தலைவரான அம்பலக்காரராலும் முடியாது. ஊர்தான் மாற்ற வேண்டும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மாற்றக் கேட்கிறவர் வாசல் வாசலாகப் போய் மடியேந்த வேண்டும். சரி, கேட்டுப் பார்ப்போம் என்கிற வீடு ஒரு பிடி அரிசி போடும். ஆகாது என்கிற வீடு கதவைச் சாத்திக்கொள்ளும். பாதி ஊருக்கு மேல் அரிசி போட்டால் அம்பலக்காரர் முனி கோயிலில் பானை வைத்து, வீட்டுக்கு ஒரு கொட்டை போடச் சொல்லி முடிவு கேட்டே ஆக வேண்டும்.

கட்டை அவிழ்க்கச் சொல்லி அந்த ஊர்ப் பொன்னழகு மடியேந்தினாள். ஒரு வீடு கூடக் கதவைச் சாத்தவில்லை. பானையும் வைத்தார்கள். பானையைக் கவிழ்த்தபோதோ அவள் தோற்றிருந்தாள்.

மறுநாள் காலையில் கருத்தையா வீட்டு வாசலில் வந்து நின்றவள், அவர் வருகிறேன் என்று சொல்லும்வரை நகரவில்லை.

"அரிசி போட்ட கை எப்படி ஏட்டையா எனக்கு எதிராப் போடும்? பானைய மாத்திட்டாக. யாரு மாத்தினாகன்னு மட்டும் சொல்லுங்க. மறுபானை கேப்பேன்."

*

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆமணக்கு வறுபடுகிற வாடை மூக்கில் ஏறியது. உடைந்த பானை ஓட்டை அடுப்பில் வைத்து முத்துக்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள் பொன்னழகு. மூலையில் கயிற்றுக் கட்டிலில் அவள் புருசன் செம்மலை சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். நல்ல வாட்டசாட்டமான சம்சாரியாக இருந்தவன். வயிற்றில் கட்டி. மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

கருத்தையாவின் கண் அடுப்பில் நின்றது. "பானையில ஆமணக்கு விழுந்து தோத்தவ நீ. உன் வீட்டுலயே ஆமணக்கு வறுபடுதே, தாயி?"

"எண்ணெய்க்கு ஏட்டையா. அவுக வயித்துல தடவ. வெயில் காலத்துலயே காயவச்சு எடுத்து வச்சிருக்கணும். இந்த அடைமழையில ஊருல எவ எண்ணெய் எடுக்கிறா? வலி நாள் பாத்தா வருது?"

"பானை வைக்கிற முறையச் சொல்லு."

"வீட்டு ஆம்பளை தன் வீட்டுலயிருந்து ஒரு புளியங்கொட்டையும் ஒரு ஆமணக்கு முத்தும் கொண்டு போகணும். பானை வாயில துணி கட்டியிருக்கும். துணிக்குள்ள கைய விட்டு ஒண்ணைப் போடணும். மத்ததைக் கண்மாய்த் தண்ணியில எறிஞ்சிரணும். கட்டு இருக்கட்டும்னா ஆமணக்கு. அவுத்துரலாம்னா புளியங்கொட்டை. எவன் எதைப் போட்டான்னு அவனுக்கும் முனிக்குந்தான் தெரியும். இவுகளால நடக்க முடியாதுன்னு பூசாரி பானையக் கட்டிலுக்கே கொண்டாந்தாரு. நான் வெளிய போய் நின்னுக்கிட்டேன்."

"கவுத்தப்ப?"

"ஆமணக்கு குமிஞ்சு கெடந்துச்சு. புளியங்கொட்டை ஓரத்துல ஒரு கைப்பிடிகூட இல்லை." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் என்ன ஊரெல்லாம் புகைய விடவா கேட்டேன்? எங்க கொல்லையில ஒரே ஒரு கஞ்சாச் செடி வச்சுக்கத்தான் கேட்டேன். புரட்டாசியில ஒரு சாமியார் வந்தாரு. அவரு குடுத்த இலைய விசயம் சொல்லாம பால்ல காச்சிக் குடுத்தேன். அன்னிக்கு ஒரு நாள்தான் இவுக அசந்து தூங்குனாக. முழிச்சதும் என்னன்னு கேட்டாக, சொன்னேன். கட்டு இருக்கையில இனிமே இதைத் தொடாதேன்னுட்டாக. வலியில கட்டில் சட்டத்தைக் கடிக்கிறாக ஏட்டையா. பல்லுத் தடம் இருக்கு, பாருங்க."

கருத்தையா பார்த்தார். இருந்தது.

"சர்க்காரு தொறந்துவிட்டது சாராயத்தைத்தான். கஞ்சாவுக்கு வேற கணக்கு" என்றார், வேறு சொல்லத் தெரியாமல்.

"சர்க்காரு எங்க கொல்லையில வந்து எட்டிப் பாக்கப் போகுதா? அவுக சட்டத்தை அவுக மாத்திக்கிட்டாக. எனக்கு ஊருதான் சர்க்காரு. அது மாறினாப் போதும்." குரலைத் தாழ்த்தினாள். "அதோட, கட்டு அவுந்தா எம் மகனும் வந்துருவான்ல."

அவள் மகன் முத்தழகு. ஒரே பிள்ளை. கண்மாய்க்கரையில் கஞ்சா குடித்துப் பிடிபட்டு, கட்டுப்படி எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். போய் வருசக்கணக்காகிறது. ஆண்டிப் பரதேசிகளோடு ஊர் ஊராகத் திரிவதாகக் கேள்வி.

"அப்பன் கண்ணு மூடுறதுக்குள்ள அவன் வந்து ஒரு வாய்த் தண்ணி ஊத்தணும். அதுக்குத்தான் இம்புட்டும்."

கட்டிலில் கிடந்தவன் முனகினான். வலியா, பேச்சுப் பொறுக்காமலா என்று தெரியவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு உமையாள் ஒரு சட்டியில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். "அண்ணன் கண்ணசந்தாகளா?" என்று கேட்டாள். பொன்னழகு உதட்டைப் பிதுக்கினாள். கொஞ்ச நேரம் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்ற உமையாள், சட்டென்று திரும்பி வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

"பாத்தீகளா?" என்றாள் பொன்னழகு. "ஆனி மாசத்துலயிருந்து இதே கூத்துத்தான். கஞ்சி வருது, காய் வருது. ஆனா வந்தவ எவளும் வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதில்லை. எந்திரிச்சா போயிடுறாளுக. ஆம்பளைகளும் அப்படித்தான். அப்பவே எங்களை வெறுத்துட்டாக ஏட்டையா, எனக்குத்தான் புரியலை."

"எங்க வீட்டுக்கு மச்சான் வந்தா மூணு தரம் வாரேன் வாரேன்னு சொல்லுவான்" என்றார் அல்லாபிச்சை. "போகத்தான் மாட்டான்."

பொன்னழகுக்கு அந்த அழுகையிலும் லேசாகச் சிரிப்பு வந்தது. கருத்தையா சிரிக்கவில்லை. கஞ்சிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

முனி கோயில் ஒரு பாலை மரத்தடி. பூசாரி இருளாண்டி வேளார் பானையைப் பீடத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். போட்ட கொட்டைகள் அமாவாசை வரைக்கும் பானையிலேயே கிடக்க வேண்டும், பிறகு கண்மாயில் கரைத்துவிடுவது என்பது முறை.

"ஏட்டையா, இதை விட்டுருங்க" என்றார் பூசாரி எடுத்த எடுப்பில்.

"விடச் சொல்றவன் வீட்டுலதான் முதல்ல தேடணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காக."

"யாரு?"

"அனுபவம். தள்ளிக்க."

கருத்தையா துண்டைத் தரையில் விரித்துப் பானையைக் கவிழ்த்தார். புளியங்கொட்டைகளை ஒதுக்கிவிட்டு ஆமணக்கு முத்துக்களைப் பரப்பினார். அல்லாபிச்சை எதிரில் குந்தினார்.

"ராவுத்தரே, நீ பானைய மாத்துற கள்ளன். என்ன செய்வே?"

"நானா? ஆமணக்குச் சாக்குல கைய விட்டு அள்ளிப் போட்டுட்டு, வீட்டுல போய்க் குப்புறப் படுத்துக்குவேன்."

"ஒரே சாக்குல அள்ளுனா?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்."

"இதைப் பாரு."

அல்லாபிச்சை பார்த்தார். ஒன்று கட்டைவிரல் நகம் பெரிசு, செம்புள்ளி போட்டது. ஒன்று சோளமணி மாதிரி சின்னது. ஒன்றில் முள்தோடு இன்னும் ஒட்டியிருந்தது. ஒன்றில் வண்டு துளைத்த ஓட்டை. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.

"பெருங்காயம் மணக்குது. அஞ்சறைப் பெட்டியில கெடந்த முத்து."

"இது மஞ்சப்பொடி டப்பாவுல கெடந்தது. இது போன வருசத்துது, தோல் வெளுத்திருச்சு. ஒண்ணுக்கொண்ணு ஒட்டே இல்லை. வீட்டுக்கு வீடு வேற வேற." கருத்தையா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "பானைய எவனும் மாத்தலைய்யா."

"அல்ஹம்துலில்லா. களவு இல்லை."

"களவா இருந்தாத் தேவலை. ஒருத்தன் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிரலாம். இது ஊரே சேந்து செஞ்ச வேலை. அரிசியப் போட்டுட்டு அதே கையால ஆமணக்கையும் போட்டிருக்கான், ஒவ்வொருத்தனும்."

"இனி என் குதிரை கொள்ளைத் தின்னுட்டு நன்றியாப் பாத்தாக்கூட நம்ப மாட்டேன்."

கருத்தையா மறுபடி குனிந்தார். விளிம்பில் கிடந்த ஒரு முத்து அவரை உறுத்தியது. மற்றவை பளபளவென்று இருந்தன. இது மட்டும் மினுக்கம் செத்து, கருத்து, தோல் வெடித்து இருந்தது. எடுத்து மோந்தார். புகை வாடை. நகத்தால் கீறினார். உள்ளே பருப்பு பழுப்பேறியிருந்தது.

"வறுத்த முத்து" என்றார் மெதுவாக.

அல்லாபிச்சையின் முகத்திலிருந்து விளையாட்டு போய்விட்டது. "இந்த மழையில ஊருல எவ எண்ணெய் எடுக்கிறான்னு அந்தப் பொண்ணு..."

"ஒரே ஒரு வீட்டு அடுப்புலதான்."

"ஏட்டையா, அப்ப அந்த மனுசன் தனக்குத்தானே..."

பூசாரி இருளாண்டி பாலை மரத்தில் கையை ஊன்றி நின்றார். "விட்டுருங்கன்னு அதுக்குத்தான் சொன்னேன்" என்றார். கொட்டைகளைப் பானைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு பீடத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

*

திரும்பி நடக்கையில் கருத்தையா வரப்பில் நின்றுவிட்டார்.

"ராவுத்தரே, ஒரு வீட்டுக்குப் போயிட்டுத் திரும்புறப்ப போயிட்டு வாரேன்னு சொல்லாம நாங்க எப்ப கிளம்புவோம்?"

"சண்டை போட்டா."

"சண்டை போட்டவ தெனமும் கஞ்சி கொண்டாருவாளா?"

அல்லாபிச்சை யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் கறுத்தது. "உங்க ஆளுக எழவு வீட்டுலதான் அப்படிப் போவாக. எங்க தெருவுல சாவு மௌத்துக்கு வந்தாலும் சொல்லிக்காமத்தான் போவாக. பாத்திருக்கேன்."

"வாரேன்னு சொன்னா எழவு திரும்பி வரும்னு ஒரு பயம். வாயைக் கட்டிப் போட்டாலும் அந்தப் பழக்கத்தைக் கட்ட முடியாது. ஒரு விசயத்தைப் பொன்னழகுகிட்ட மறைக்கணும்னு ஊரு பேசி வச்சிருக்கு. பேச்சுல மறைச்சிட்டாக. திரும்புறப்ப மாட்டிக்கிட்டாக."

"மறைக்க என்ன இருக்கு? செம்மலை உசுரோடதானே கெடக்கான்?"

"உசுரோடதான் கெடக்கான்." கருத்தையா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப அந்த வீட்டுல செத்தது யாரு?"

கருத்தையா பொன்னழகு வீட்டுப் பக்கம் திரும்பினார். கண்மாயில் ஒரு கொக்கு நின்றது.

"நீ போய்க் குதிரைக்குத் தண்ணி வேணும்னு அவளைக் கெணத்தடிக்குக் கூட்டிட்டுப் போ. ஏதாச்சும் பேசிக்கிட்டு இரு."

"என்ன பேச?"

"என்னையத் திட்டு. அதுக்குச் சரக்கு இருக்கும்ல."

*

கருத்தையா கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, வறுத்த முத்தைச் செம்மலையின் உள்ளங்கையில் வைத்தார். செம்மலை அதைப் பார்த்தான். கையை மூடிக்கொண்டான்.

"முத்தழகு எப்பப்பா செத்தான்?"

செம்மலை கூரையைப் பார்த்தான். கண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது. துடைக்கவில்லை.

"ஆனியில" என்றான். "நாகூருல. காசம் முத்தி, தெருவோரம் கெடந்திருக்கான். பக்கத்துல இருந்த யாரோ அம்பலத்துக்குச் சொல்லிவிட்டாக. நானும் அம்பலமும் பூசாரியும் போனோம். மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போறோம்னு இவகிட்டச் சொல்லிட்டுப் போனோம். அங்கனயே எரிச்சிட்டு, மாடு படியலைன்னு வந்து சொன்னேன். இருக்கிறதையே மேய்ப்போம், விடுங்கன்னு சொன்னா."

மூச்சு வாங்கினான்.

"ஊருக்கு அம்பலம் சொன்னாரு. இவளுக்கு யாரும் சொல்லக் கூடாதுன்னு நான் ஒவ்வொருத்தர் கையப் பிடிச்சுக் கெஞ்சினேன். நான் இன்னும் எத்தனை நாளைக்கு? நான் போனப்புறம் ரெண்டு பேருக்கும் சேத்து அழுதுக்கிடட்டும். இப்பவே தெரிஞ்சா இவ எனக்கு முந்திப் போயிருவா ஏட்டையா. அவன் வருவான்னுதான் சோறு திங்கிறா."

"சரி. பானை?"

"இவ மடியேந்திக் கிளம்புவான்னு நான் கண்டேனா? வாசல்ல வந்து நிக்கிறவளுக்கு எவன் கதவைச் சாத்துவான்? தெரிஞ்சவன் எவனுக்கு மனசு வரும்? போட்டுட்டாக. போட்டுட்டு ராவோட ராவா அம்பலம் என்கிட்ட வந்து, இப்ப என்னடா பண்றதுன்னு அழுதாரு." செம்மலை மூடிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். "கட்டு அவுந்தா என்ன ஆகும்? மறுநாளே அவனைத் தேடி ஆளனுப்புவா. இல்லாட்டி இவளே பஸ் ஏறுவா. கட்டு இருக்கிற வரைக்கும் அவன் வராததுக்கு ஒரு காரணம் இருக்கு ஏட்டையா. கட்டையும் அவுத்துட்டா என்ன காரணம் சொல்லுவேன்?"

"ஊரையே ஆமணக்கு போடச் சொன்னியா."

"சொன்னேன். நாலஞ்சு எளவட்டம் கேக்கலை. அவங்களுக்குச் சாராயந்தான் தேவை. அது போகட்டும்."

"கட்டு அப்படியே இருக்கட்டும். உன் வலிக்கு ஒரு இலைய யாருக்கும் தெரியாமக் குடிச்சா என்ன? ராவுத்தரே எங்கிட்டிருந்தாச்சும் கொண்டாந்து குடுப்பான்."

"இவ கையால வாங்கித்தானே குடிக்கணும். இந்தக் கட்டில்ல நான் இவளுக்குத் தெரியாம மூச்சுக்கூட விட முடியாது. எனக்காகக் கட்டை மீறலாம்னா, அவனுக்காகவும் மீறலாம்ல, கூட்டியாந்துருவோம்னு நிப்பா." சிரிக்கப் பார்த்தான். அதற்குள் வலி வந்துவிட்டது. உடம்பு வில்லாக வளைந்தது. தலையைத் திருப்பிக் கட்டில் சட்டத்தில் வாயை வைத்தான்.

கருத்தையாவுக்கு எத்தனையோ குற்றவாளிகளின் வாக்குமூலம் கேட்ட பழக்கம். இதைக் கேட்டுக்கொண்டு குந்தியிருக்க முடியவில்லை. எழுந்து நின்றார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

வலி இறங்கியதும் செம்மலை கேட்டான். "சொல்லிருவீகளா?"

"நீ செய்யறது தப்புப்பா. பெத்தவளுக்குத் தெரியணும்."

"தப்புத்தான். சொல்லிருவீகளா?"

கருத்தையா குனிந்து வாசலைத் தாண்டிக் கிணற்றடிக்கு நடந்தார்.

*

கிணற்றடியில் குதிரை தண்ணீர் குடித்து முடித்திருந்தது. அல்லாபிச்சை எதையோ சொல்ல, பொன்னழகு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருத்தையா வருவதைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"யாரு ஏட்டையா?"

"பானை மாறலை தாயி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "நல்லாப் பாத்தீகளா?"

"வீட்டுக்கு வீடு வேற வேற முத்து. கொண்டு வந்தவன் கொண்டு வந்தபடியே கெடக்கு."

"அப்ப எல்லாருமா?" கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "உமையாளு வீடுமா? அம்பலமுமா? என் தலையத் தொட்டுப் போட்டாரே ஏட்டையா அரிசிய."

கருத்தையா சாட்சிக் கூண்டில் ஏறி நின்ற காலமெல்லாம் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அதிகாரி சொன்னாலும் பொய் சொல்லமாட்டான் கருத்தையா என்று வக்கீல்கள் திட்டுவார்கள். இப்போது உண்மை நாக்கு நுனியில்தான் நின்றது. இவள் நினைக்கிற மாதிரி இந்த ஊர் இவளை வெறுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வழி இல்லை.

"எங்க வீட்டுது?" என்றாள் பொன்னழகு. "அதையாச்சும் பாத்தீகளா? அவுக போட்டது தெரிஞ்சுச்சா?"

அல்லாபிச்சை குதிரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரிஞ்சுச்சு" என்றார் கருத்தையா. "புளியங்கொட்டை."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவைத்தான் கருத்தையாவால் பார்க்க முடியவில்லை.

"போதும் ஏட்டையா. அவுக என் பக்கம் இருக்காக. ஊரு கெடக்கட்டும். தை பொறந்ததும் மறுபடி மடியேந்துவேன். சர்க்காரே மாத்திக்கிடுதாம், இவுக மாத்த மாட்டாகளா? என்னைக்காச்சும் ஒரு நாள் மனசு எரங்கும்." வாளியை எடுத்தவள் நின்றாள். "நீங்க நாலு ஊரு சுத்துறவுக. எங்கயாச்சும் எம் மகனைக் கண்டீகன்னா சொல்லுங்க. அம்மா விடலை, கேட்டுக்கிட்டேதான் இருக்கான்னு. நெட்டையா இருப்பான், இடது புருவத்துல ஒரு தழும்பு."

"கண்டாச் சொல்றேன்."

வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். உள்ளேயிருந்து செம்மலை முனகுகிற சத்தம் கேட்டதும் நடை ஓட்டமானது.

கருத்தையா வண்டியில் ஏறவில்லை. கண்மாய்க்கரை மேல் விறுவிறுவென்று நடந்தார். அல்லாபிச்சை வண்டியைப் பின்னாலேயே விட்டுக்கொண்டு வந்தார். செம்மலை சொன்னதையெல்லாம் கருத்தையா நடந்தபடியே சொல்லி முடித்தார்.

"நல்ல காரியம் பண்ணினீக ஏட்டையா."

"எவன்யா சொன்னான்?"

"ஊரே ஒண்ணாச் சேந்து ஒரு பொண்ணைக் காப்பாத்துது. நீங்களும் சேந்துக்கிட்டீக. இதுல என்ன?"

"ஊரே சேந்து பானையில போட்டா பொய்யி மெய்யாயிருமா? அங்க ஒருத்தன் கட்டையக் கடிக்கிறான். இங்க ஒருத்தி செத்தவனுக்குச் சேதி சொல்லிவிடுறா. இதுக்கு எதுக்குய்யா கட்டு, எதுக்குய்யா பானை?"

"அப்ப திரும்பிப் போய் உள்ளதைச் சொல்லிருவோமா?"

கருத்தையா நின்றார். திரும்பிப் பார்த்தார். பொன்னழகு வீட்டு அடுப்பிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. முத்து வறுக்கிற பானை ஓட்டை மறுபடி அடுப்பில் ஏற்றிவிட்டாள் போலிருக்கிறது.

"இல்லை" என்றார். "அதுக்கும் எனக்குத் துப்பில்லை."

"வண்டியில ஏறுங்க. மழை வருது."

"நீ போ. எனக்கு இது ஒப்பலைய்யா. ஒப்பவே இல்லை."

சொல்லிக்கொண்டே மழைக்குள் நடந்தார்.